வந்தவருக்கு ஒரு கதிரை

இரத்தினசிங்கம் இன்னொரு தரம் விழுந்தால் அதோடு சரி என்று பெரிய டொக்டர் அவருடைய மகளிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முதல் தரம் விழுந்தது மெல்பேர்னின் டண்டினொங்கில், தன் வீட்டுக் குளியலறையில், இடுப்பு முறிந்தது. இரண்டாம் தரம் விழுந்தது ஆஸ்பத்திரியிலேயே, இடுப்பைப் பொருத்திய கையோடு. நெற்றி வெடித்துத் தையல் போட்டார்கள். எண்பதைத் தாண்டிய உடம்பு இனி ஒரு சத்திரசிகிச்சையைத் தாங்காது. நடை பழக்கும் நிலையத்தில் கட்டில் ஒன்று கிடைக்கும்வரை மனிதரை விழாமல் வைத்திருந்தால் போதும்.

கேட்க லேசான வேலைதான். ஆஸ்பத்திரிக்காரரும் தங்களுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டியிருந்தார்கள். கட்டிலை நிலத்தோடு நிலமாக இறக்கி, இரண்டு பக்கமும் மெத்தை விரித்து, கால்களுக்கு வழுக்காத சிவப்புக் காலுறை மாட்டி, முதுகுக்குக் கீழே ஒரு தட்டையான அலாரமும் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஆள் இருக்கும்வரை அது வாய் திறக்காது. ஆள் எழும்பினால் வார்டு முழுக்கக் கேட்கக் கத்தும். கால் தடுக்கும் என்று மேசை, கதிரை, மகள் கொண்டுவந்த பூச்சாடி எல்லாவற்றையும் அறையை விட்டு வெளியேற்றியாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு கிழவர் எழும்பிக்கொண்டேதான் இருந்தார். அலாரம் கத்த, தாதிமார் விழுந்தடித்து ஓடிவர, அவர் பாதி எழும்பிய நிலையில் கதவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஆள் வைத்தார்கள். அந்த ஆள் நிரஞ்சினி. அவளுடைய வேலைக்கு அங்கே 'ஸ்பெஷல்' என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். நோயாளிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், வேலை நேரம் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும். மூத்திரம் முட்டினாலும் இன்னொருத்தி வந்து அந்த இடத்தில் இருக்கும்வரை அசையக்கூடாது. மயக்க மருந்து இறங்கியபோது கிழவருக்கு ஆங்கிலமும் சேர்ந்து இறங்கிவிட்டபடியால், தமிழ் தெரிந்த ஒருத்தி வேண்டுமென்று தேடிப் பிடித்திருந்தார்கள்.

அது இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டின் குளிர்காலம். முதல் நாள் காலை முழுவதும் அவர் சாதுவாகக் கிடந்தார். குளிசை விழுங்கினார், கஞ்சி குடித்தார், அவளுடைய ஊர் எது, தகப்பன் யார் என்று விசாரித்தார். நாற்பது வருசம் நில அளவையாளராக இருந்த மனிதர். பேச்சில் குழப்பம் ஒன்றும் தெரியவில்லை. இந்த மனிதருக்கா இவ்வளவு ஆரவாரம் என்று நிரஞ்சினி நினைத்தாள்.

பின்னேரத் தேநீர் கொண்டுவரும் ரீ வண்டி வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் அவருடைய கண் கதவுக்குப் போனது. கதவில் ஒருவரும் இல்லை. கண் அங்கிருந்து மெல்ல நகர்ந்து, நடந்து வரும் ஒருவரைத் தொடர்வதுபோலக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றது. கிழவர் மரியாதையாகச் சிரித்தார். அடுத்த கணம் போர்வையை உதறிவிட்டுக் காலைக் கீழே போட்டார்.

"அங்கிள்! எழும்பாதேங்கோ!" நிரஞ்சினி தோளை அமத்திப் பிடித்தாள்.

"விடும் பிள்ளை. வந்த மனுசனை நிக்க வைச்சுப்போட்டு நான் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடக்கிறதோ?"

"ஒருத்தரும் வரேல்ல அங்கிள்."

"உமக்குக் கண் தெரியாட்டி நான் என்ன செய்யிறது? இருக்கிறதுக்கு ஒரு கதிரையும் இல்லை. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

கதிரை! நிரஞ்சினிக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவரின் அறையில் இருந்து கதிரையை எடுத்தால் என்ன நடக்கும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வாசலில் வந்தவரை நிற்க வைப்பது அவள் வளர்ந்த வீட்டிலும் பெரிய குற்றம்தான். தகப்பன் காய்ச்சலில் கிடந்தாலும் எழும்பி வந்து 'இருங்கோ' என்று சொல்லாமல் விட்டதில்லை. குழம்பிய மனிதரோடு ஒத்தூதவும் கூடாது, வாதாடவும் கூடாது என்று படிப்பித்திருந்தார்கள். படிப்பு கிடக்கட்டும் என்று அவள் தான் இருந்த கதிரையைக் காலால் தள்ளிக் கால்மாட்டில் போட்டு, வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"இருங்கோ."

கிழவரின் தோள் அவளுடைய கைக்குள் தளர்ந்தது. தலையணையில் சாய்ந்தார். "இருந்திட்டார்," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே மருந்து வேலை செய்தது. வார்டுக்குப் பொறுப்பான மார்கரெட் முதலில் முகத்தைச் சுளித்தாள். கதிரை ஒன்று வீணாக நடுவில் கிடக்கலாமா, விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஆனால் அலாரம் கத்துவது நின்றுபோனதைப் பார்த்ததும் சட்டம் பேசுவதை விட்டுவிட்டாள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். கதிரை என்று ஒன்று இருந்தால் கிழவர் என்றைக்காவது அதில் ஏறி இருப்பார், இருந்தால் எழும்புவார். ஆகவே கதிரையிலும் ஒரு அலாரத் தட்டை வைத்துக் கட்டிவிட்டுப் போனாள்.

வருகிறவர் யார் என்று நிரஞ்சினி கேட்கவில்லை. ஆனால் கிழவர் விட்டால்தானே? "நல்லா நனைஞ்சுபோய் வாறார் பிள்ளை. நெஞ்சளவுக்கு ஈரம்," என்றார் ஒரு நாள். மகள் மிருணாளினி வந்தபோது நிரஞ்சினி இதைச் சொன்னாள். மிருணாளினி கண் கலங்கிவிட்டாள்.

"அது சித்தப்பாவா இருக்கும். அப்பான்ர தம்பி வாசுதேவன். கீரிமலைக் கேணியில மூழ்கிச் செத்தவர். இருபது வயசுதானாம். அப்பா அவரைப் பற்றி வாயே திறக்கிறேல்ல."

நிரஞ்சினிக்கு நிம்மதியாகப் போய்விட்டது. நிம்மதி என்ற சொல் இந்த இடத்தில் விசித்திரம்தான். செத்த ஒருவருக்குத் தினமும் கதிரை போடுகிறாய் என்று தெரிந்தால் வேறொருத்தி வேலையை விட்டு ஓடியிருப்பாள். ஆனால் அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. அது வாசுதேவன் என்றால் அந்தப் பயம் வேண்டியதில்லை.

அவளுடைய புருசன் தவம். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், யுத்தத்தின் கடைசி நாட்களில், சனம் நந்திக்கடலுக்குள் இறங்கிக் கடந்து வந்துகொண்டிருந்தபோது, அவளையும் பிள்ளையையும் இக்கரையில் ஏற்றிவிட்டு, நடக்க முடியாத தாயைத் தூக்கிவரத் திரும்பிப் போனவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை, இருப்பதைக் கண்டவரும் இல்லை. முகாம், படகு, தடுப்பு என்று எல்லாம் கடந்து இந்த மெல்பேர்ன் குளிருக்கு வந்து சேர்ந்த பிறகும் அவள் கேட்டவருக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். கிழவரும் கேட்டார்.

"உம்மட மனுசன் எங்க பிள்ளை?"

"வருவார் அங்கிள்."

கிழவர் கால்மாட்டுக் கதிரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

ஈரத்தோடு வந்தவர் குளிரில் விறைப்பதாகவும், அலுமாரியில் இருந்து இடுப்பில் கட்ட மாற்றுச் சாரம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் அவர் அடுத்த நாள் நெளியத் தொடங்கினார். நிரஞ்சினி ஆஸ்பத்திரித் துவாய் ஒன்றை எடுத்துக் கதிரையின் கைப்பிடியில் போட்டாள். கிழவர் அடங்கினார். வேலை முடியும் தறுவாயில் துவாயை எடுத்தபோது அதன் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தல் சிந்தியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் போத்தல் தண்ணீருக்கு உப்பும் சேறும் கலந்த அந்த மணம் எங்கிருந்து வரும்? கீரிமலைக் கேணியும் கடலோரம்தான் என்று நினைத்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டு, துவாயை ஊத்தைக் கூடைக்குள் போட்டுவிட்டுக் கையை இரண்டு தரம் கழுவினாள்.

அவள் பிழைவிட்டது அதற்கடுத்த பின்னேரம்தான்.

கிழவர் அரைத்தூக்கத்தில் இருந்தார். நிரஞ்சினி அவருடைய நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் இன்னும் இருந்தது. எதிர் அறையில் யாரோ தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அலாரம் கத்தியது. அவள் பதறிக் கிழவரின் மார்பில் கையை வைத்தாள். மனிதர் அசையவில்லை. அவருக்குக் கீழே இருந்த தட்டை அமைதியாகவே கிடந்தது. கத்தியது கதிரையில் இருந்த தட்டை.

ஆள் இருந்தால் பேசாது, எழும்பினால்தான் கத்தும். அதில் ஒருவரும் ஒருநாளும் இருந்ததில்லை.

"வெளிக்கிடுறார்," என்றார் கிழவர் கண்ணைத் திறக்காமலே. பயத்தில் மனிதருக்கு மூளை வேலை செய்யாது, பழக்கம்தான் வேலை செய்யும். வீட்டுக்கு வந்தவர் எழும்பினால், போய்விட்டு வாருங்கள் என்று வாய் தானாகச் சொல்லும் வார்த்தையை அவள் வாயும் சொல்லிவிட்டது.

"போட்டு வாங்கோ."

கிழவர் கண்ணைத் திறந்தார். அவ்வளவு தெளிவான பார்வையை அவள் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை.

"என்ன பிள்ளை சொன்னனீர்? செத்தவீட்டுக்குப் போனவை ஆராவது 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுறவையோ? இல்லாட்டி வீட்டுக்காரர்தான் 'வாங்கோ' எண்டு சொல்லுறவையோ? பேசாமல் விட்டிருந்தா உவர் தன்ரபாட்டில போயிருப்பார்."

"வாய் தவறிப்போச்சு அங்கிள்."

"உம்மட வாய் தவறினதுக்கு அவர் என்ன செய்யிறது? கூப்பிட்டா வரத்தானே வேணும்."

மார்கரெட் ஓடிவந்து கதிரைத் தட்டையைப் புரட்டிப் பார்த்து, பழுது என்று சொல்லிப் புதியது ஒன்றைக் கொண்டுவந்து கட்டினாள். நிரஞ்சினி தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? அன்று பேருந்தில் போகும்போது, தான் கடைசியாகத் தவத்திடம் சொன்னதும் அதே வார்த்தைதான் என்ற நினைவு வந்தது. கரையில் இருந்து மறுபடி இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்திச் சொன்னாள். அது அவனுடைய காதில் விழுந்ததோ இல்லையோ என்று நாலு வருசமாகத் தெரியாமல் இருந்தாள்.

அதற்குப் பிறகு வருகிறவருக்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. காலைக் கஞ்சிக்கே வந்தார். கதிரையைக் காட்டி 'இருங்கோ' என்றால் இருக்கவில்லை. அழைக்கப்பட்டவர் அல்லவா, உரிமையோடு கட்டிலின் தலைமாடு வரைக்கும் வந்து நின்றாராம். கிழவரின் கண் இப்போது கால்மாட்டைப் பார்க்கவில்லை. நிரஞ்சினியின் தோளுக்குப் பின்னால், அவளுடைய காதடியைப் பார்த்தது. அவளுக்குப் பின்கழுத்து குளிர்ந்தபடியே இருந்தது. திரும்பிப் பார்க்கவேமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். கிழவர் மறுபடியும் காலைக் கீழே போடத் தொடங்கினார். ஒரு தரம் முழங்கால் மெத்தையில் பட்டுவிட்டது; நல்ல காலம், இடுப்பு தப்பியது. மார்கரெட்டின் முகம் பழையபடி இறுகியது.

நடை பழக்கும் நிலையத்தில் கட்டில் கிடைத்துவிட்டது, நாளைக் காலை அம்புலன்ஸ் வரும் என்று செய்தி வந்தது. இன்னும் ஒரு பின்னேரம். அதை மட்டும் தாண்டிவிட்டால் கிழவர் பிழைத்தார்.

அந்தப் பின்னேரம் தாதிமார் எல்லாரும் வேலை கைமாற்றும் பேச்சுக்காக உள்ளறைக்குள் போயிருந்தார்கள். கிழவர் திடீரென்று போர்வையை எறிந்தார். நிரஞ்சினி பிடித்தாள். உதறினார். எலும்பும் தோலுமான அந்த உடம்புக்குள் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. இரண்டு சிவப்புக் காலுறையும் மெத்தையில் ஊன்றிவிட்டன. அலாரம் கத்தியது. அழைப்பு மணியின் வயர் கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கைக்கு எட்டாமல் தொங்கியது.

"அங்கிள், விழுந்திடுவியள்! இருங்கோ அங்கிள்!"

"நான் இருக்கிறது கிடக்கட்டும். அந்த மனுசன் வந்த நேரம் தொட்டு ஒண்டையே கேட்டுக்கொண்டு நிக்கிறார். ஒருத்தரும் ஒரு மறுமொழி சொல்லுறியள் இல்லை. நான் எழும்பிப் போய் ஆரையாவது கேட்டுச் சொல்லுறன்."

"என்ன கேக்கிறார்?" என்று அவள் ஆத்திரத்தில் கத்தினாள். பிடி நழுவிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுதோ எண்டு."

நிரஞ்சினியின் கை அப்படியே நின்றுவிட்டது.

தனக்குப் பிள்ளை இருப்பதைப் பற்றி அவள் இந்தக் கிழவரிடம் மூச்சும் விட்டதில்லை. மகள் துவாரகாவுக்கு இப்போது நாலரை வயது. ஆங்கிலத்தில் வாய் காட்டுகிற பிள்ளையின் பல்லைப் பற்றி யார் விசாரிப்பார்கள்? ஆனால் அந்த வைகாசியில் அவள் ஆறுமாதக் குழந்தை. பல் முளைக்கும் முரசு ஊறி இரவும் பகலும் அழுதாள். செல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது பதுங்குகுழிக்குள் இருந்து தவம் சின்னவிரலை அவளுடைய வாய்க்குள் விட்டுத் தடவிப் பார்ப்பான். இந்தா வருது, நாளைக்கு முளைச்சிடும் என்பான். அந்த நாளை அவன் காணவில்லை.

வாசுதேவன் இல்லை. கீரிமலை இல்லை. தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருந்த எல்லாம் ஒரு கேள்வியில் உடைந்து கொட்டியது. பின்னால் நிற்கிறான். நெஞ்சளவு ஈரத்தோடு நிற்கிறான். திரும்பினால் முகத்தைக் கண்டுவிடலாம்.

கிழவரின் உடம்பு முன்னால் சரிந்தது. முறிந்த பக்கத்துக் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. அவள் திரும்பவில்லை. இரண்டு கையாலும் அவரைக் கட்டிப் பிடித்து, கன்னத்தை அவருடைய நெற்றித் தையலில் அழுத்திக்கொண்டு, பின்னால் நிற்பவருக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"ஓம். முளைச்சிட்டுது. எல்லாப் பல்லும் முளைச்சிட்டுது. நல்லாச் சாப்பிடுறாள். நல்லாக் கதைக்கிறாள்."

கிழவர் காது கொடுத்துக் கேட்டார். "சிரிக்கிறார்," என்றார். "ஆனா இன்னும் நிக்கிறார் பிள்ளை. நீர்தான் வரச் சொன்னனீர். நீர்தான் அனுப்ப வேணும்." மறுபடியும் எழும்ப உன்னினார்.

எப்படி அனுப்புவது என்று அவளுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற புருசனைப் பார்த்து எந்தப் பெண்ணும் 'போங்கோ' என்று மட்டும் சொல்லமாட்டாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் இனி அவன் வருவான் என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் இந்த மனிதர் இப்போது, அவளுடைய கைக்குள்ளேயே, விழுந்துவிடுவார். அவளுக்குத் தவத்தின் மேல் கோபம் வந்தது, கிழவர் மேல் கோபம் வந்தது, கடைசியில் அழுகைதான் வந்தது.

"போங்கோ," என்றாள்.

அறைக்குள் ஒன்றும் நடக்கவில்லை. எதிர் அறைத் தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டுச் சனம் ஆரவாரித்தது.

"போங்கோ தவம். நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் போங்கோ."

கிழவர் தளர்ந்தார். அவள் அவரைக் கட்டிலில் சாய்த்து, கால்களைத் தூக்கி உள்ளே வைத்தாள். அலாரம் அடங்கியது. அவர் கூரையைப் பார்த்தபடி, மெல்லிய குரலில், அவள் கேளாமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

"போறார். கதவைத் தாண்டிட்டார். ரீ வண்டி வருது, ஒதுங்கி நிக்கிறார்."

கட்டிலில் இருந்து பார்த்தால் கதவுக்கு அப்பால் எதிர்ச் சுவர்தான் தெரியும். வெளியே ரீ வண்டியின் சில்லுச் சத்தம் வந்து, நின்றது. வண்டி தள்ளும் வியட்நாம்காரப் பெண்மணியின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: "சொறி டார்லிங், நீங்கள் முதலில் போங்கள்." ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு சில்லுகள் மறுபடியும் உருண்டன.

நிரஞ்சினிக்கு எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது. ஓடிப்போய் மூலையில் திரும்பினால் முதுகையாவது காணலாம். ஒரு தரம். ஒரேயொரு தரம்.

"எங்க நிக்கிறார் அங்கிள்?"

"லிப்டடியில."

"இப்ப?"

கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"காணேல்ல, பிள்ளை."

அவள் வாய்விட்டு அழுதாள். நாலு வருசமாக அழாததையெல்லாம் சேர்த்து, வார்டு என்றும் பாராமல், தாதிமார் ஓடிவந்து வாசலில் நிற்பதையும் பாராமல் அழுதாள். மார்கரெட் உள்ளே வந்து, நீ வெளியே போய்க் கொஞ்சம் இரு, நான் பார்க்கிறேன் என்றாள். நிரஞ்சினி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கிழவரின் தோளில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் விழுந்துவிடுவார் என்று பயந்தாள்.